தண்ணீர்க்குடம் பச்சையாக உடைந்தால்

கேள்வி: எனக்கு இது இரண்டாவது பிள்ளை, இப்போது 38 கிழமை. மூத்தவன் 41 கிழமையில் பிறந்தவன். தண்ணீர்க்குடம் உடைந்தபோது தண்ணீர் பச்சையாக வந்தது, பிள்ளை உள்ளேயே மலம் போய்விட்டது என்றார்கள். பிறந்ததும் நன்றாக அழுதான், ஆனால் வாயில் குழாய் விட்டு ஒன்றும் உறிஞ்சவில்லை. கவனிக்காமல் விட்டார்களா? நான் இலைக்கஞ்சி கூடக் குடித்ததால்தான் தண்ணீர் பச்சையானது என்று மாமி இன்றைக்கும் சொல்கிறார். இந்த முறையும் அப்படி வருமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: தங்கச்சி, இலைக்கஞ்சியை நிறுத்த வேண்டாம். தாய் சாப்பிட்டதன் நிறம் தண்ணீர்க்குடத்துக்குள் போகாது, அந்தப் பச்சை பிள்ளையின் பித்தம். கருவில் விழுங்கிய நீர், உதிர்ந்த பூமயிர், தோல், சளி எல்லாம் பித்தத்தோடு சேர்ந்து பிள்ளையின் குடலில் பிசின் மாதிரித் தேங்கியிருக்கும், ஊரில் காட்டுப்பீ என்போமே, அதுதான். பிறந்த பிறகு போகவேண்டியது, நாள் பிந்தப் பிந்தக் குடல் முதிர்ந்து சிலருக்கு உள்ளேயே போய்விடுகிறது. 100 பிரசவத்தில் 10 முதல் 15 வரை இப்படி நடக்கும், 42 கிழமை தாண்டினால் இன்னும் கூடும். உங்கள் பிழை இதில் ஒன்றுமில்லை, இதை மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆனால் ஒட்சிசன் குறைந்து தவிக்கும் பிள்ளையும் மலம் கழிக்கும். நிறத்தை மட்டும் பார்த்து எது காரணம் என்று சொல்ல முடியாது, அதனால்தான் பிரசவ அறையில் இதயத்துடிப்பை விடாமல் பார்க்கிறார்கள். இலேசான பச்சையைவிட, கஞ்சி மாதிரித் தடிப்பாக வந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

உறிஞ்சாதது கவனக்குறைவு இல்லை. முன்பு தலை வெளியே வந்தவுடனேயே வாயையும் மூக்கையும் உறிஞ்சுவார்கள், சோர்ந்த பிள்ளை என்றால் மூச்சுக்குழாய்க்குள்ளும் குழாய் விடுவார்கள். பிறகு பெரிய ஆய்வுகள் செய்து பார்த்தபோது அதனால் பலன் கிடைக்கவில்லை, ஏனென்றால் மலம் கலந்த நீர் நுரையீரலுக்குள் போவது பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. தொண்டைக்குள் குழாய் விட்டால் பிள்ளையின் இதயத்துடிப்பு குறையவும் கூடும். 2015இல் வந்த சர்வதேச வழிகாட்டல்கள் சோர்ந்து பிறக்கும் பிள்ளைக்குக்கூட எடுத்த எடுப்பில் மூச்சுக்குழாயை உறிஞ்ச வேண்டாம், முதலில் முகமூடியால் மூச்சுக் கொடுங்கள் என்றே சொல்கின்றன. அழுது, கைகால் அடித்துப் பிறந்த உங்கள் மகனுக்கு அது தேவைப்படவே இல்லை.

பச்சைத் தண்ணீரோடு பிறக்கும் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்குத்தான் அது நுரையீரலைப் பாதிக்கிறது. மூச்சு வேகமாவது, முனகுவது, நெஞ்சு உள்வாங்குவது, உதடு நீலமாவது எல்லாம் பெரும்பாலும் முதல் சில மணித்தியாலங்களிலேயே தெரியும். அந்த நேரத்தில் பிள்ளையை உங்கள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு பாருங்கள், சந்தேகம் வந்தால் தாதியைக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

இந்த முறையும் வருமா என்றால், வரலாம், வராமலும் போகலாம். தண்ணீர் உடைந்தால் வெள்ளைத் துணியோ சானிட்டரி பாடோ வைத்து நிறத்தையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையோ மண்ணிறமோ தெரிந்தால் நோ வரட்டும், நல்ல நேரம் வரட்டும் என்று இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. வயிற்றில் பிள்ளையின் துடிப்பு, அதாவது அசைவு, குறைந்தாலும் அப்படித்தான், தண்ணீர் உடைய வேண்டும் என்றில்லை. அப்புறம், அடுத்த கிளினிக்கில் மூத்தவனின் கதையைச் சொல்லி, 40 கிழமை தாண்டினால் எந்த நாளில் விடுதிக்கு வர வேண்டும் என்று கேட்டு, அந்தத் திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்.