வாதத்தை எடைபோடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஒரு பத்தியில் இருப்பது வாதமா, வெறும் விளக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வாதம் என்றால் ஒரு முடிவும், அதைத் தாங்கும் எடுகூற்று, அதாவது காரணமாக முன்வைக்கும் கூற்று, ஒன்றாவதும் இருக்க வேண்டும். "ஆகவே" வந்தால் அடுத்து வருவது பெரும்பாலும் முடிவு. "ஏனென்றால்" வந்தால் எடுகூற்று. ஆனால் "ஏனென்றால்" விளக்கத்திலும் வரும். "பாலம் இடிந்தது, ஏனென்றால் தூணின் அடிமண்ணை வெள்ளம் அரித்துவிட்டது." பாலம் இடிந்ததை யாரும் மறுக்கவில்லை, எனவே இது விளக்கம். "பாலம் இடியும், ஏனென்றால் தூணின் அடிமண் அரித்துப் போயிருக்கிறது." இடியுமா என்பதே இங்கே கேள்வி, எனவே இது வாதம்.

கேள்வி: செல்லுபடியாகும் வாதம், திடமான வாதம் இரண்டும் ஒன்றுதானே ஐயா?

பதில்: இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதங்கள் வீணாகின்றன. செல்லுபடி என்பது வடிவத்தைப் பற்றியது: எடுகூற்றுகள் உண்மையாக இருந்து முடிவு பொய்யாக வாய்ப்பே இல்லை என்றால் வாதம் செல்லும். "எல்லாப் பறவைகளும் பறக்கும், பெங்குவின் ஒரு பறவை, ஆகவே பெங்குவின் பறக்கும்." வடிவம் சரி, முதல் எடுகூற்று பொய். வடிவமும் சரியாக இருந்து, எடுகூற்றுகளும் உண்மையானால்தான் திடமான வாதம்.

இதைவிட ஏமாற்றுவது எதிர்ப்பக்கம்: வரிகள் உண்மை, வடிவம் தவறு. "ரோஜாக்கள் எல்லாம் பூக்கள்; சில பூக்கள் சீக்கிரம் வாடும்; ஆகவே சில ரோஜாக்கள் சீக்கிரம் வாடும்." எல்லா வரியும் உண்மைபோல இருப்பதால் தலையாட்டிவிடுவோம். சொற்களை மட்டும் மாற்றிப் பாருங்கள்: "பசுக்கள் எல்லாம் விலங்குகள், சில விலங்குகள் முட்டையிடும், ஆகவே சில பசுக்கள் முட்டையிடும்." அதே வடிவம்தான். சந்தேகம் வந்தால் இப்படி வேறு சொற்களைப் போட்டுப் பார்ப்பதுதான் கைகொடுக்கும் சோதனை.

கேள்வி: "இருந்தால்" என்று வரும் வாக்கியங்களில் அடிக்கடி தவறுகிறேன்.

பதில்: நீங்கள் மட்டுமல்ல. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966இல் வெளியிட்ட அட்டைச் சோதனையில் பெரும்பாலோர் தவறினார்கள். எழுத்துகளைத் தமிழாக்கித் தருகிறேன். நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை: அ, க, 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும். விதி சரியா என்று பார்க்க எவற்றைத் திருப்ப வேண்டும்?

பலர் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. 4இன் பின்னால் மெய்யோ உயிர்மெய்யோ இருந்தாலும் விதி உடையாது. இரட்டைப்படை எண்ணுக்குப் பின்னால் உயிர்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. 7இன் பின்னால் உயிர் இருந்தால் உடைந்துவிடும். விதிக்கு ஒத்துப்போவதைத் தேடாமல், விதியை உடைக்கக்கூடியதைத் தேடுங்கள்.

கேள்வி: நிறையப் பேரிடம் கேட்டு எடுத்த கணிப்பு என்றால் நம்பலாமா?

பதில்: எண்ணிக்கை மட்டும் போதாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் கருத்துக்கணிப்புக்காக ஏறத்தாழ 1 கோடி மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்ததால் வசதியானவர்கள் அதிகம் சேர்ந்தார்கள். பதில் அனுப்ப முனைந்தவர்களும் ஒரு சாய்வுடையவர்கள். யாரைக் கேட்டார்கள், யார் பதில் சொல்லவில்லை என்ற இரண்டையும் கேளுங்கள்.

கேள்வி: "சோதனை 90 சதவீதம் துல்லியம், எனக்கு நோய் இருப்பதாக முடிவு வந்தது, ஆகவே நோய் இருக்க 90 சதவீத வாய்ப்பு." இதில் என்ன பிழை?

பதில்: அடிப்படை விகிதம், அதாவது சோதிக்கப்படுவோரில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்பது, விட்டுப்போயிருக்கிறது. 10,000 பேரில் 100 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களில் 90 பேரைப் பிடிக்கிறது. நோயில்லாத 9,900 பேரில் 5 சதவீதத்தினருக்கு, அதாவது 495 பேருக்கு, நோய் இருப்பதாகத் தவறாகக் காட்டுகிறது. மொத்தம் 585 பேரில் உண்மையான நோயாளிகள் 90 பேர்தான். 15 சதவீதத்துக்குச் சற்று மேல். சதவீதத்தை விட்டுவிட்டு இப்படித் தலைகளாக எண்ணினால் பிழை தானே தெரிந்துவிடும். அறிகுறி உள்ளவர்களை மட்டும் சோதித்தால் தொடக்க எண்ணே மாறும் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: ஒருவரின் நடத்தையைச் சுட்டினாலே ஆள்தாக்குதல் பிழையா?

பதில்: வாதத்தை விட்டுவிட்டு அதைச் சொன்னவரைத் தாக்குவதுதான் ஆள்தாக்குதல். எடுகூற்று எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். "அவரே புகைபிடிக்கிறார், ஆகவே புகை கெடுதல் என்று அவர் சொல்வது தவறு" என்றால் பிழை. புகையின் கெடுதலுக்கான சான்று அவர் பழக்கத்தைச் சார்ந்ததல்ல. "நான் நேரில் கண்டேன்" என்பது மட்டுமே சான்றாக இருந்தால், அவர் முன்பு பொய்ச்சாட்சி சொன்னவர் என்பது பொருத்தமான கேள்வி. பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்பது கூடுதல் சான்று கேட்கக் காரணம், மறுப்பு ஆகாது.

பிழைக்குப் பெயர் சூட்டும் அவசரமே எனக்குக் கவலை தருகிறது. முதலில் வாதத்தை வரிவரியாக எழுதுங்கள். சொல்லாமல் விட்ட எடுகூற்றையும் சேருங்கள், அதுவும் எதிராளி ஏற்கக்கூடிய வடிவில். அவர் படித்துவிட்டு "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்றால்தான் மறுக்கத் தொடங்கலாம். இல்லையென்றால் நீங்கள் அடிப்பது வைக்கோல் பொம்மையை, அவர் சொல்லாத வாதத்தை.

கேள்வி: தமிழில் இதற்கெல்லாம் பழைய கலைச்சொற்கள் உண்டா?

பதில்: மணிமேகலையின் 29ஆம் காதையைப் பாருங்கள். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. பிழைகளையும் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று உறுப்புவாரியாகவே பிரிக்கிறது. வாதம் எந்த இடத்தில் உடைகிறது என்று கேட்கும் இந்த முறை இன்றைக்கும் உதவும்.

கேள்வி: ஒருவர் வாதம் பிழை என்று காட்டிவிட்டால் அவர் முடிவு பொய்தானே?

பதில்: இல்லை. அந்த முடிவுக்கு அந்த ஆதரவு போயிற்று, அவ்வளவுதான். வேறு நல்ல ஆதரவு இருக்கலாம்; போய்த் தேடுங்கள்.