ரெண்டு கிலோமீட்டர் கார்கள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன தடவை பழைய கார் வாங்குவதைப் பற்றி எழுதும்போது, "தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டிதான் சீக்கிரம் கெடும்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லி வைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. பாதி பேர் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், மீதி பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவர மட்டும்தான் கார். பள்ளி 2 கி.மீ. மூன்று வருடத்தில் 7,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. 10,000 கி.மீ.க்குத்தான் ஆயில் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னும் 3,000 பாக்கி இருக்கும்போது சர்வீஸ் சென்டரில் ஏன் நச்சரிக்கிறார்கள்? (மடிப்பாக்கம்)

பதில்: மூன்று வருடமாக ஒரே ஆயிலா? முதலில் போய் மாற்றிவிட்டு வாருங்கள், அப்புறம் மீதியைப் படிக்கலாம்.

வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் "10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது" என்று போட்டிருக்கும். நீங்கள் பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிட்டீர்கள். அதே புத்தகத்தில் இன்னும் நாலு பக்கம் தள்ளிப் பாருங்கள், "கடினமான சூழல்" என்று ஒரு பட்டியல் இருக்கும். புழுதி ரோடு, மலைப்பாதை இவற்றோடு "அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுதல்" என்பதையும் பல கம்பெனிகள் அதில் சேர்த்திருக்கின்றன. அப்படி ஓட்டினால் ஆயில் மாற்றும் கெடுவைப் பாதியாகக் குறைக்கச் சொல்வார்கள். கடினமான சூழல் என்றதும் எல்லோரும் ராஜஸ்தான் பாலைவனத்தை நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பள்ளிக்கூடத் தெருவும் அதில் சேர்த்திதான்.

காரணம் இதுதான். எஞ்சின் ஆறியிருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதலாக ஊற்றும். அதில் எரியாமல் தப்பியது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கும். கூடவே தண்ணீரும் சேரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுகிறதே, அது இந்தத் தண்ணீர்தான். பெரும்பகுதி புகையோடு வெளியே போய்விடும், கொஞ்சம் எஞ்சினுக்குள் இறங்கிக் குளிர்ந்து ஆயிலில் கலக்கும். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் 90, 100 டிகிரிக்குச் சூடாகி பெட்ரோல், தண்ணீர் ரெண்டையும் ஆவியாக்கித் துரத்திவிடும். நீங்கள் அது சூடாவதற்கு முன்பே சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று சொல்லாதீர்கள், அது எஞ்சினைக் குளிரவைக்கிற திரவமான கூலண்ட்டின் சூடு. ஆயில் சூடாக அதற்கு மேலும் பல நிமிடங்கள் ஆகும். தங்கிப்போன தண்ணீர், எரிந்த வாயுக்களோடு சேர்ந்து அமிலமாகிறது. அந்த அமிலத்தை முறிக்கத்தான் ஆயிலில் மருந்து கலந்திருக்கிறார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே வரும்.

கிலோமீட்டரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டைக் கணக்குப் போடுங்கள். நாளைக்கு இரண்டு குளிர்ந்த ஸ்டார்ட், வருடம் 200 பள்ளி நாள், மூன்று வருடம், ஆக 1,200. சென்னை வெயிலில் எஞ்சின் 30 டிகிரியிலிருந்து கிளம்புகிறது என்பது ஒரு நிம்மதி. பனி பெய்கிற ஊரில் இதே ஓட்டம் இன்னும் மோசம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுங்கள், ஞாயிற்றுக்கிழமை 200 அடி ரோட்டில் ஏறி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள், போதும்.

கேள்வி: நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது, 20டபிள்யூ-50 ஊற்று என்கிறார் ஆயில் கடைக்காரர். கம்பெனி சொல்வது 0டபிள்யூ-20. எதை ஊற்ற? (விருதுநகர்)

பதில்: எஞ்சினைச் செய்தவன் சொன்னதை.

கேள்வி: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறது. மெக்கானிக் பார்த்தவுடனே "ஹெட் கேஸ்கெட் போச்சு, 35,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும்தான் வண்டி ஓடுகிறது. (ஊட்டி)

பதில்: அம்மா, பணத்தை எடுக்காதீர்கள். ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினுக்குள் ஆயிலும் கூலண்ட்டும் கலக்காமல் தடுக்கிற அடைப்பு. முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, உருவிப் பாருங்கள். ஆயில் ஆயிலாகவே இருந்து மூடியில் மட்டும் வெள்ளையாக இருந்தால், பெரும்பாலும் அது குளிர்ந்து படிந்த ஈரம்தான். எஞ்சினிலேயே சீக்கிரம் குளிர்கிற இடம் அந்த மூடி, உங்கள் ஊர்க் குளிரைச் சொல்லவே வேண்டாம். டிப்ஸ்டிக்கிலும் பால் விட்ட காபி மாதிரி இருந்தாலோ, கூலண்ட் அளவு வாராவாரம் இறங்கினாலோ, வண்டியை எடுக்காமல் அப்படியே நிறுத்துங்கள், அப்போது அவர் சொல்வது சரியாக இருக்கலாம்.

முதல் ரகம் என்றால், மூடியைத் துணியால் துடைத்துவிட்டு ஒரு நாள் மேட்டுப்பாளையம் போய்த் திரும்பி வாருங்கள். இறங்கும்போது எஞ்சினுக்குப் பெரிய வேலையில்லை, ஏறி வரும்போது நன்றாகக் காயும். வந்து திறந்து பாருங்கள், அப்புறம் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். டிப்ஸ்டிக்கைத் தொடாமல் 35,000 சொன்ன மனிதரிடம் இனி பஞ்சர்கூட ஒட்டாதீர்கள்.

கேள்வி: என் டீசல் எஸ்யுவி ஆயிலே குடிப்பதில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், டிப்ஸ்டிக்கில் அளவு கூடிக்கொண்டே வருகிறது! ஆனால் டிபிஎஃப் விளக்கு மட்டும் அடிக்கடி எரிகிறது. வீட்டிலிருந்து கடைக்கு 3 கி.மீ. வருடம் 4,000 கி.மீ. ஓடும். பெட்ரோலைவிட 1.4 லட்சம் கூடக் கொடுத்து வாங்கினேன். (ஈரோடு)

பதில்: ஆயில் குட்டி போடாது சார். கூடியிருப்பது டீசல்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததிலிருந்து டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, அதுதான் டிபிஎஃப். அது நிரம்பியதும் கரியை எரிக்க வேண்டும், அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு தேவை. சூட்டைக் கிளப்ப, பல எஞ்சின்களில் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும். வேகம் குறையாமல் பதினைந்து, இருபது நிமிடம் ஓடினால் எரிந்து முடியும். நீங்களோ பாதி எரியும்போதே கடை வாசலில் நிறுத்திவிடுகிறீர்கள். அடுத்த தடவை மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலுக்குள் போகிறது. பெட்ரோலாவது சூட்டில் ஆவியாகும், டீசல் அவ்வளவு சுலபமாகப் போகாது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ, நீர்த்த ஆயிலில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி என் புலம்பல். லோன் எவ்வளவு வேண்டும், என்ன கலர், ஃப்ளோர் மேட் போடலாமா, வீட்டில் யாருக்காவது இன்சூரன்ஸ் வேண்டுமா என்று முப்பது கேள்வி கேட்கிற ஷோரூமில், "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?" என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்களிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடக் கணக்கு. 4,000 கி.மீ.க்குப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கொடுத்தால் சுமார் 29,000 ரூபாய். டீசல் 18 கொடுத்தால் 20,500. வருடம் எட்டாயிரத்துச் சொச்சம் மிச்சம். 1.4 லட்சத்தை எடுக்க 16 வருடத்துக்கு மேல். வண்டி அதுவரை இருக்குமா? இதைச் சொல்லாமல் விற்றவர் இன்சென்டிவ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாரண்டி கேட்டுப் போனால், "நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை" என்று அதே கட்டிடத்தின் பின்பக்கத்தில் சொல்வார்கள். விற்கும்போது முன்பக்கத்தில் இருந்தவருக்கு அது தெரியாதாம்.

இப்போது ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். விளக்கு எரிந்தால் கடையை மறந்துவிட்டுப் பெருந்துறைப் பக்கம் போய் வாருங்கள், ஒரு கியர் குறைத்து. விளக்கு மினுக்கினாலோ எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் வைத்துத்தான் கரியை எரிக்க வேண்டும்.

கேள்வி: வீட்டிலிருந்து பால் கடை 600 மீட்டர். தினமும் காரில் போகிறேன். இதற்கு எந்த ஆயில் தாங்கும்? (நாகர்கோவில்)

பதில்: செருப்பு.

கேள்வி: மகன் வெளிநாட்டில். அவன் காரை ஞாயிற்றுக்கிழமை தோறும் போர்டிகோவிலேயே 5 நிமிடம் ஸ்டார்ட் போட்டு வைக்கிறேன். அப்படியும் இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. (ஸ்ரீரங்கம்)

பதில்: ஐயா, மனசறிந்து எந்தத் தப்பும் செய்யவில்லை நீங்கள். ஆனால் அந்த 5 நிமிடம்தான் வினை. ஸ்டார்ட் ஆகும்போது பேட்டரியிலிருந்து போவது சும்மா நிற்கிற 5 நிமிடத்தில் சரியாகத் திரும்புவதில்லை. எஞ்சினுக்குள்ளும் ஈரத்தைச் சேர்த்துவிட்டு, காயவிடாமல் நிறுத்துகிறீர்கள். யாராவது ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: 10 வருடக் கார், ஓடியது 21,000 கி.மீ.தான். சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி. மார்க்கெட் விலைக்கு மேல் 40,000 கேட்கிறார்கள். வாங்கலாமா? அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். (தஞ்சாவூர்)

பதில்: கொடுத்துவிட்டு எதற்குக் கேட்கிறீர்கள்?

சரி, நானும் யோக்கியன் இல்லை. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரின் வண்டி என்று 9 வருடக் கார் ஒன்றை வாங்கினேன். 19,000 கி.மீ., கோயில், ரேஷன் கடை, பென்ஷன் ஆபீஸ். சீட்டில் பாலிதீன்கூடப் பிரிக்கவில்லை, அதில்தான் மயங்கினேன். இரண்டாம் மாதம் ஒரு வேகத்தடையில் சைலன்சர் கழன்று விழுந்தது, உள்ளிருந்தே துருப்பிடித்துத் தாள் மாதிரி ஆகியிருந்தது. மெக்கானிக் எஞ்சின் மூடியைத் திறந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே ஆயில் கறுப்பாக, கரண்டியால் வழிக்கிற மாதிரி, தீய்ந்துபோன அல்வா. நான் கூடக் கொடுத்த 30,000 அங்கேயே போய், மேலும் போனது.

ஆகவே டார்ச்சோடு போய் ஆயில் மூடியைத் திறந்து உள்ளே அடியுங்கள். தேன் நிறத்தில் உலோகம் தெரிந்தால் பேசலாம். வருடாவருடம் ஆயில் மாற்றிய பில்லைத் தேதியோடு கேளுங்கள். பில் இல்லை என்றால் குறைந்த கிலோமீட்டருக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள், குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: சிந்தெடிக் ஆயில் 3.5 லிட்டர், ஃபில்டர் எல்லாம் மாற்றியதாக பில் போட்டார்கள். மறுநாள் டிப்ஸ்டிக் பார்த்தால் கன்னங்கறுப்பு. பெட்ரோல் வண்டி. கேட்டால் "மேடம், ஆயில் ஊற்றியவுடனே கறுத்துவிடும்" என்று சிரிக்கிறார்கள். (மதுரை)

பதில்: டீசலில் கறுக்கும். பெட்ரோல் வண்டியில் சாதாரணமாக மறுநாளே கன்னங்கறுப்பு ஆகாது. பெரும்பாலும் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், சிரித்ததற்கும் சேர்த்து விடாதீர்கள்.

வண்டியை இனி ஓட்ட வேண்டாம். வெள்ளைத் துணியில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, ஓடோமீட்டர் தெரிகிற மாதிரி தேதியோடு படம் எடுங்கள். ஃபில்டரையும் படம் எடுங்கள், புதிது என்றால் பளிச்சென்று இருக்கும், பழையது புழுதி அப்பியிருக்கும். பில்லை இணைத்து மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் பேசாதீர்கள். பதில் வராவிட்டால் 1915க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அடுத்த சர்வீஸில் ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். "கஸ்டமர் உள்ளே வரக்கூடாது" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.