பிரைடி ஏன் ஊரை விட்டுப் போகவில்லை?

கேள்வி: ‘தி பால்ரூம் ஆஃப் ரொமான்ஸ்’ என்ற அயர்லாந்துப் படம் பார்த்தேன். ஒரு ராத்திரி ஆடுகிறார்கள், சைக்கிளில் வீட்டுக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். அந்த பிரைடி ஒரு குடிகாரனுக்குத் தலையாட்டுவதற்குப் பதில் இங்கிலாந்துக்குப் போய்ப் பிழைத்திருக்கலாமே?

பதில்: அப்பாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? அவருக்கு ஒரு காலை எடுத்தாயிற்று. அம்மா இல்லை. கோழி, மாடு, நிலம் எல்லாம் அவள் ஒருத்தி தலையில். இத்தனையும் பார்த்துவிட்டு ‘பிழைத்திருக்கலாமே’ என்று நீங்கள் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். வந்தவர்களைக் கழித்துப் பார்த்தாலும் 1951 முதல் 1961 வரை சுமார் 4 லட்சம் பேர் அந்த நாட்டை விட்டு வெளியேறியிருக்கிறார்கள். 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியது 28 லட்சம் பேர். பிரைடி இளம் வயதில் மனசில் வைத்திருந்தவனும் டவுன்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டனுக்குப் போனவன்தான். இது போகாதவர்களின் படம்.

அந்தக் காலத்தில் ஊரில் கல்யாணமாகாத ஆண்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நிலம் ஒரு மகனுக்குத்தான் போகும், அதுவும் பெற்றவர்கள் மனசு வைத்தால். அம்மா இருக்கும் அடுப்படிக்கு இன்னொருத்தியைக் கூட்டிவர அவனுக்குத் துணிவு வராது. அப்படிக் காத்திருந்தே நாற்பது, ஐம்பது வயதாகிவிடும். பௌசர் ஈகனும் அம்மா சாவுக்குக் காத்திருப்பவன்தான். அவனைக் குடிகாரன் என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடாதீர்கள்.

பெண்ணும் ஆணும் பார்த்துப் பேச நடனக்கூடத்தை விட்டால் அப்போது வேறு இடமும் இல்லை. 1935 சட்டத்துக்குப் பிறகு பொது நடனம் நடத்தக் கோர்ட்டில் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. பாதிரியார்களின் கண்காணிப்பு வேறு. லீட்ரிம் பக்கம் கிளென்ஃபார்னில் நிஜமாகவே இருந்த ஒரு கூடத்தின் பெயரைத்தான் வில்லியம் ட்ரெவர் தன் கதைக்கு வைத்தார். பேட் ஓ’கானர் அதை 1982இல் படமாக்கினார். பிரைடியாக பிரெண்டா ஃபிரிக்கர். பிற்பாடு ‘மை லெஃப்ட் ஃபுட்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். எனக்கு அவர் இதில்தான் ஒரு படி மேல்.

கதையில் பிரைடிக்கு 36 வயது. பதினாறு வயதிலிருந்து அதே கூடத்துக்கு வருகிறாள். இன்று ராத்திரியோடு இனி வரப்போவதில்லை என்று முடிவெடுக்கிறாள். ஒரு பெண் தன் இருபது வருஷ எதிர்பார்ப்பை இறக்கி வைக்கிறாள். உங்களுக்கு அது ‘அவ்வளவுதான்’. இன்னொன்று, அவள் ஈகனுக்குத் தலையாட்டவே இல்லை. அவன் அம்மாவும் தன் அப்பாவும் போன பிறகு அவன் தேடி வருவான், அந்த வீட்டில் தனியாகக் கிடக்க முடியாமல் தானும் சம்மதிப்போம் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இப்போது அவள் உள்ளுக்குள் ஆசைப்படுவது அந்தக் கூடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் டேனோ ரயன் மேல். கதையை ஒருமுறை வாசியுங்கள். அவனிடம் அவள் காதலைப் பற்றிப் பேசுவதே இல்லை. கண்ணில் நீர் வடிகிறதே, மருந்து ஏதாவது போட்டாயா என்றுதான் கேட்கிறாள். அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா அதையெல்லாம் ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறாள் என்பது அந்தப் பேச்சிலேயே அவளுக்குப் புரிந்துவிடுகிறது.