நிலக்கரிச் சுரங்கத்தை விரித்தால் கிணறு வற்றுமா?
தெலங்கானாவில், தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊரில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தை விரிவாக்கினால் கிணறு வற்றுமா என்று காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

வற்றலாம். ஆனால் வேலூர்க் கணக்கு அங்கே செல்லாது. நம் பக்கக் கிணற்றை எட்டிப் பார்த்தால் மேலே மக்கிய பாறை, கீழே கருங்கல். அதன் வெடிப்புகளில்தான் ஊற்று. கோதாவரிப் படுகையிலோ நிலக்கரியோடு மணற்பாறை அடுக்கடுக்காக, நீர் ஊறி நிற்கிறது. சுரங்கத்தில் வேலை நடக்க அதை இரவு பகலாக இறைத்தாக வேண்டும். சுரங்கம் விரிந்தால் இறைப்பு கூடும், நீர்மட்டம் இறங்கும் பரப்பும் கூடும்.

இதைவிட நான் பயப்படுவது கூரைச் சரிவுக்கு. கரி எடுத்த வெற்றிடத்தில் மேல்பாறை இடிய, விரிசல் மேல்நோக்கி ஏறும். அது மேலடுக்கு நீரைத் தொட்டால் கிணற்று நீர் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். இடையில் தடிமனான களிப்பாறை இருந்தால் ஆபத்து குறைவு.

அப்புறம், வேலை தொடங்கும் முன்பே கோடையிலும் மழைக்குப் பிறகும் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு இழப்பீடு கேட்க அதுதான் ஆதாரம்.