குழந்தைகளுக்கான பேச்சு, இயக்கப் பயிற்சிக்கு ஏன் இவ்வளவு காத்திருப்பு? குறைக்க வழி உண்டா?

டாக்டர் எழுதிக் கொடுத்த நாளுக்கும் பயிற்சியாளர் குழந்தையை முதலில் பார்க்கும் நாளுக்கும் இடைப்பட்டதுதான் காத்திருப்புக் காலம். மூன்று வயதுக் குழந்தைக்கு ஆறு மாதம் என்பது அது வாழ்ந்த நாளில் ஆறில் ஒரு பங்கு!

பல இடங்களில் மாதாமாதம் புதிதாக வருபவர்களும் பார்க்கப்படுபவர்களும் ஏறக்குறைய சமம்தான். என்றோ சேர்ந்த பாக்கி அப்படியே நிற்கிறது. மேல்நிலைத் தொட்டியில் வரத்தும் போக்கும் சமமாக இருந்தால் மட்டம் இறங்காதே, அதுபோல. ஒருமுறை இறைத்துவிட வேண்டும்.

மெல்போர்னில் சமூக வெளிநோயாளர் சேவைகளில் (மருத்துவமனையில் தங்காமல் வந்து போகிறவர்களுக்கானவை) இதைச் செய்து பார்த்தார்கள். தேங்கிய பட்டியலைத் தீர்த்தார்கள். அப்புறம் புதியவர்களுக்கென்றே வாரந்தோறும் சில நேரங்களை ஒதுக்கினார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, முதல் சந்திப்புக்கான காத்திருப்பு சுமார் 34 சதவீதம் குறைந்தது.

‘வரிசை நீளம் என்றாலே நிரந்தரமாக ஆள் போதவில்லை’ என்று பலர் நினைக்கிறார்கள்; பார்க்கப்படுபவர்களைவிடப் புதிதாக வருபவர்கள் தொடர்ந்து அதிகமாக இருக்கும் இடத்தில் மட்டுமே அது சரி.