மெடலில் தாத்தா பெயர், போனவர் அவர் தம்பி

(பட்டாளத்து ஆவணங்கள் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவர், படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் ஹவில்தார் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற காட்பாடிக்காரர்.)

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுப் பரணில் முதல் உலகப்போர் வெள்ளி மெடல் ஒன்று இருக்கிறது. அதில் உள்ளது என் தாத்தாவின் பெயர். ஆனால் தாத்தா பட்டாளத்துக்கே போனதில்லை. 1958 வரை ஊரில் பயிர் வைத்துக்கொண்டிருந்தவர். பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தது அவர்தானாம். பாட்டி நிறைமாதமாக இருந்ததால், மறுநாள் விடியற்காலையில் அவர் தம்பி போய் அந்தப் பெயரில் நின்றுவிட்டாராம். 1917-இல் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்ததாக ஓலை வந்தது. கொள்ளுப்பாட்டி சாகும்வரை பென்ஷன் வாங்கினார். சின்னத் தாத்தாவின் சொந்தப் பெயர் எங்காவது எழுதியிருக்குமா? அமாவாசைப் படையலில் யார் பெயரைச் சொல்வது என்று அப்பா இன்றும் தடுமாறுகிறார்.
— வாசகி, கணியம்பாடி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தக் கொள்ளுப்பாட்டியிடமிருந்து மனசு நகர மறுக்கிறது. மாதாமாதம் பென்ஷன் வாங்கும்போது, உயிரோடு பக்கத்தில் நிற்கிற மூத்த பிள்ளை செத்ததாகக் கைநாட்டு வைத்திருக்கிறார். நிஜமாகவே செத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி வெளியில் அழவும் முடிந்திருக்காது. சொன்னால் பணம் நின்றுபோகும். உங்கள் தாத்தா இதைப் பற்றி வாய் திறக்காததற்கும் அதுதான் காரணமாக இருக்கும். அவரைக் கோழை என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

இனி தேடுகிற வழி. முதலில் அந்த மெடலைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்து இருப்பது முகத்தில் அல்ல, விளிம்பில். தேய்த்தால் முதலில் போவது அதுதான். மெல்லிய தாளை விளிம்பில் சுற்றி, பென்சிலால் லேசாக உரசி எடுங்கள். நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவு நான்கும் வரும். '2 க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' (குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்) என்று இருந்தால் அது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை. அந்தக் காலத்து நம்பர் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் தனித்தனி என்பதால், நம்பரையும் பிரிவையும் சேர்த்தே தேட வேண்டும்.

போரில் இறந்தவர்களின் கல்லறைகளையும் நினைவகங்களையும் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவு இலவசம். அங்கே பெயரைத் தட்டி ஏமாறாதீர்கள். முனுசாமி என்ற ஒரே பெயரை பட்டாளத்து கிளார்க்குகள் ஐந்தாறு விதமாக எழுதினார்கள். நம்பரைப் போடுங்கள். பல பதிவுகளில் கூடுதல் விவரமாக 'இன்னார் மகன், இன்ன ஊர், நார்த் ஆர்காட்' என்றும் இருக்கும். பெயர் மாற்றிச் சேர்ந்தவரும் தகப்பன் பெயரையும் ஊரையும் பெரும்பாலும் மாற்றமாட்டார். செத்தால் சேதி வீட்டுக்கு வரவேண்டுமே! என் அனுபவத்தில் நான் பார்த்த பொய்ப்பெயர்க்காரர்கள் எல்லாரும் இந்த ஓர் இடத்தில் உண்மையே சொல்லியிருந்தார்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல்: அண்ணன் தம்பி இருவருக்கும் தகப்பனும் ஊரும் ஒன்றுதான். இறந்தவர் தம்பி என்று எதைக்கொண்டு காட்டுவது? தாத்தா 1917-க்குப் பிறகு நிலம் வாங்கினாரா, விற்றாரா? 'இன்னார் மகன் இன்னார்' என்று அவர் கைநாட்டு வைத்த பத்திரம் ஒன்று போதும். செத்தவர் பத்திரம் எழுதிக்கொடுக்க முடியாது. வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனு கொடுங்கள். பத்திரப்பதிவில் வைத்த கைரேகைக்கென்றே அங்கே தனிப் பதிவேடு உண்டு. பென்ஷன் தாள் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து, பதிவைத் திருத்தக் கோரி ஆணையத்துக்கு எழுதுங்கள். வாய்மொழிக் கதையை மட்டும் நம்பித் திருத்தமாட்டார்கள், எழுத்து வேண்டும்.

மெசபடோமியாவில் கல்லறை தெரியாமல் போனவர்களுக்கு பாஸ்ரா நினைவகம் இருக்கிறது. 1929-இல் திறந்தது; 1997-இல் சதாம் உசேன் அரசு இடம் மாற்றியது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கான இடம். அங்கே இந்திய அதிகாரிகளின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். நம் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட் வாரியாக எண்ணிக்கை மட்டும். இப்படி நினைவுகூர்வதில் நடந்த பாகுபாட்டை ஆணையமே 2021 அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நம் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டிலும் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்பதுதான், பெயர் கிடையாது. அதனால் சின்னத் தாத்தாவின் பெயரைத் தேடுவது வீண் வேலை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

படையலில் அவர் சொந்தப் பெயரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் அம்மா மனசுக்குள் சொன்னதும் அந்தப் பெயரைத்தான்.

கேள்வி: பொய்ப் பெயரில் சேர்ந்தது தெரிந்தால் இருக்கிற மரியாதையும் பறிபோகாதா?
— வாசகர், ஆற்காடு

பதில்: போகாது. கப்பல் வேலையை விட்டு ஓடி ஆஸ்திரேலியாவில் இறங்கிய ஜான் சிம்ப்சன் கிர்க்பாட்ரிக், குடும்பப் பெயரை விட்டுவிட்டு வெறும் ஜான் சிம்ப்சனாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். துருக்கியின் கல்லிப்போலிப் போர்முனையில் காயம்பட்டவர்களைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவந்தார். 1915 மே 19-இல் இறந்தார். இன்று அந்த நாடு கொண்டாடும் வீரர்களில் அவர் ஒருவர். இப்படிப்பட்டவர்களுக்கு உண்மைப் பெயரையும், 'இந்தப் பெயரில் பணியாற்றினார்' என்ற குறிப்பையும் சேர்த்தே எழுதும் வழக்கம் ஆணையத்தில் உண்டு.

கேள்வி: என் மாமனார் சுதந்திரத்துக்குப் பிறகு மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். பட்டாளத்தில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். எங்கே கேட்பது?
— வாசகி, போளூர்

பதில்: உங்கள் ஊர் இப்போது திருவண்ணாமலை மாவட்டம்; பட்டாளத் தாளில் வட ஆற்காடு என்றே இருக்கும், பயப்படாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுதிக்கொடுத்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மனுவில் முதல் வரியிலேயே ஆர்மி நம்பர் இருக்கட்டும். ஷீட் ரோல் என்ற பணிப் பதிவுத் தாளில் அங்க அடையாளமும், கிண்ட்ரெட் ரோல் என்ற குடும்பப் பதிவில் மனைவி மக்கள் பெயரும் இருக்கும். உங்கள் மாமியாரின் பெயர் அதில் எப்படி எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் மற்றதைத் திருத்திக்கொள்ளலாம்.