பிறப்பு குறைந்தும் மக்கள்தொகை ஏன் கூடுகிறது? – கேள்வி பதில்

கேள்வி: இந்தியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தை என்றாகிவிட்டது. பிறகும் மக்கள்தொகை ஏன் கூடுகிறது?

பதில்: இன்று பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள், பிறப்பு மிகுதியாக இருந்த காலத்தில் பிறந்தவர்கள். தாய்மாரின் எண்ணிக்கையே பெரிது. ஆளுக்கு இரண்டு பெற்றாலும், எண்ணிக்கையில் குறைந்த முதியவர்களின் இறப்பை அது தாண்டிவிடும். இந்த உந்தம் அடங்கச் சில பத்தாண்டுகள் பிடிக்கும். எந்தச் சட்டத்தாலும் அதைச் சட்டென நிறுத்த முடியாது.

கேள்வி: மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிலைக்க ஒரு பெண்ணுக்கு 2.1 குழந்தை வேண்டும் என்கிறார்களே, 2 போதாதா?

பதில்: 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. பெண் குழந்தைகளிலும் சிலர் தாய்மை வயதை எட்டுவதில்லை. இவற்றை ஈடுகட்டத்தான் அந்தக் கூடுதல் 0.1. சிசு மரணம் அதிகமுள்ள நாட்டில் 2.1-ம் போதாது.

கேள்வி: ஒரு குழந்தைச் சட்டத்தால்தானே சீனா சாதித்தது?

பதில்: ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1970-ல் ஆறை நெருங்கியிருந்த கருவுறுதல் விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள்), 1979-க்குள் மூன்றுக்குக் கீழே வந்துவிட்டது. ஒரு குழந்தைக் கொள்கை நாடு முழுக்க வந்ததோ 1980 வாக்கில். பெரிய சரிவு, ‘தாமதமாக மணம், இடைவெளி, குறைந்த பிள்ளைகள்’ என்ற முந்தைய இயக்கத்தின் போதே நடந்தது (அதிலும் கட்டாயம் இல்லாமலில்லை). ஆண் பிள்ளை ஆசையும் ஸ்கேனும் இருந்த இடத்தில் ‘ஒன்றுதான்’ என்ற வரம்பும் சேர, கருவிலேயே பெண்களைக் கலைப்பது பெருகியது. 2016-ல் இரண்டு, 2021-ல் மூன்று என வரம்பைத் தளர்த்தியும் 2022 முதல் மக்கள்தொகை சரிகிறது.

கேள்வி: இத்தனை பேருக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று அரசு ஊழியர்களுக்கு இலக்கு வைத்தால் வேலை நடக்குமே?

பதில்: எண்ணிக்கை நடக்கும். 1976-77-ல் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவைகள். இலக்கு எட்டாவிட்டால் சம்பளம் நிற்கும் என்றதும், கிடைத்தவரையெல்லாம் முகாமுக்கு இழுத்துவந்தார்கள். கிழவர்களும் மணமாகாதவர்களும் தப்பவில்லை. விளைவாக வாசக்டமியின் (ஆண்களுக்கான கருத்தடை அறுவை) பெயரே கெட்டு, கருத்தடைச் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. இலக்கு முறையை அரசு கைவிட்டது 1996-ல்தான்.

கேள்வி: கட்டாயமின்றிக் குறைத்த நாடு?

பதில்: ஈரான். 1980-களின் நடுவில் ஆறுக்கு மேல். 2000 வாக்கில் இரண்டு. கிராம சுகாதார நிலையங்களில் இலவசக் கருத்தடைச் சாதனம், மணமாகப் போகும் ஜோடிகளுக்கு வகுப்பு, கூடவே பெண் கல்வி. நான்காவது குழந்தைக்குச் சில சலுகைகளை 1993-ல் வெட்டினார்கள், அவ்வளவே.

கேள்வி: அளவுக்கு மீறிக் குறைந்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாமே?

பதில்: அங்கேதான் சிக்கல். ‘இரண்டோடு நிறுத்து’ என்ற சிங்கப்பூர் 1987-ல் ‘மூன்றும் பெறலாம்’ என்று திரும்பியும் பிறப்பு சிறிது காலமே ஏறி, பிறகு மீண்டும் இறங்கியது. ருமேனியா 1966-ல் கருக்கலைப்பைத் தடுத்தது. மறு ஆண்டே விகிதம் சுமார் 1.9-லிருந்து 3.7-க்குத் தாவியது. சில ஆண்டுகளில் மீண்டும் இறங்கியது; திருட்டுக் கருக்கலைப்பில் தாய்மார் சாவது மட்டும் 1989 வரை நிற்கவில்லை.